வெடிமருந்துக் கிடங்கில் ஏற்றிய சூடம்

மெல்பர்னுக்கு நான் போனது அக்காவுக்குத் துணையாக. அவள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அக்காவுக்கோ விமானம் என்றாலே நடுக்கம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பதினேழு வயதில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறி, முப்பது வருடம் என்ஜின் அறைகளில் எண்ணெய் போட்டேன். அதனால் எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், "அவனைக் கூட்டிட்டுப் போங்க, அவனுக்கு உலகம் தெரியும்" என்பார்கள். எனக்குத் தெரிந்த உலகத்தில் பாதிக்கு ஜன்னலே கிடையாது என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.

மருமகள் வீடு ஸ்பிரிங்வேலில். கடைத்தெருவில் நடந்தால் வியட்நாமில் நடப்பதுபோல இருக்கும். கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. மீன் தொட்டியில் நீந்துகிறது. ஒரு கடையில் பெரிய கிண்ணத்தில் சூப் வாங்கிக் கொடுத்தேன். அக்கா கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "ரசத்துல சேமியாவப் போட்டுத் தந்திருக்கான்டா" என்றாள். ஆனால் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டாள்.

நான்கு நாள் நன்றாகப் போனது. அந்த வீட்டில் குழந்தை மணி பார்த்துத் தூங்கும். அது தூங்கும்போது எல்லாரும் கிசுகிசுவென்று பேச வேண்டும். என் குரல் என்ஜின் சத்தத்தை மீறிப் பேசியே வளர்ந்த குரல். ஐந்தாம் நாள் மருமகள் காப்பியை நீட்டியபடி, "மாமா, இவ்வளவு தூரம் வந்துட்டு சிட்னியப் பாக்காமப் போவீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பையை எடுத்தேன்.

சிட்னியில் யோகன் இருந்தான். திருகோணமலைக்காரன். துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் நான்கு வருடம் எனக்கு மேல் கட்டிலில் படுத்தவன். பிறகு எப்படியோ இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்த 'எப்படியோ'வை அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போன் செய்ததும், "உடன வாங்கோ அண்ணை, உங்கட காது எனக்கு வேணும்" என்றான்.

பகல் ரயிலில் போனேன். வெளியே மஞ்சள் புல், கறுப்பு மாடு, மறுபடி மஞ்சள் புல். சிட்னிக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒரு சின்ன ஸ்டேஷனில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். தண்டவாள வேலையாம். மீதித் தூரத்துக்குப் பஸ். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக் கதவு கழன்றிருக்கும். இங்கே வரிசையாக இறங்கி வரிசையாக ஏறினார்கள். எனக்கு முன்சீட்டில் ஒரு கிழவர் மட்டும் மனைவியிடம் சொன்னார்: "இந்தத் தண்டவாளத்தை எத்தனை வருடமாகச் சரி செய்கிறார்கள்! இதற்குள் புதிதாக ஒன்று போட்டிருக்கலாம்." அந்த அம்மாள் பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டிருந்தால் அதையும் சரி செய்ய வேண்டியிருக்கும், பேசாமல் வா."

யோகன் இருப்பது லிட்கம்மில். இரண்டு அறை வீட்டில் நான்கு ஆண்கள். எனக்குக் கூடத்தில் பாய். குசினியில் யோகன் குழல் புட்டும் கணவாய்க் கறியும் வைத்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த நாட்டுக் கடற்படை வெடிகுண்டுகளை வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்று அருகில் ஆற்றங்கரையில் இருக்கிறது. இப்போது அது பார்வையாளர்களுக்கான இடம். அங்கே மூன்று வருடமாக அவன் கூலிக்குப் புல் வெட்டுகிறான், தண்டவாளம் பார்க்கிறான். குண்டுகளைச் சுமந்த சின்ன ரயில் ஒன்று அங்கே உண்டு. ஒரு வருடம் பழுதாகக் கிடந்ததை அவன் கையாலேயே சரி செய்திருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் ஓட்டம். அது சரியாக நடந்தால் ரயில் ஓட்டும் நிரந்தர வேலை அவனுக்கு.

"மனிசிக்கும் மகளுக்கும் விசா வந்திட்டுது அண்ணை. இன்னும் ஆறு கிழமைதான். வீடு பாக்கப் போனா, நிரந்தர வேலைக் கடிதம் எங்க எண்டு கேக்கிறாங்கள். அதில்லாட்டி ஆரும் வீடு தரமாட்டாங்கள். ரெண்டு பேரையும் கூட்டிவந்து இந்த மூண்டு பேருக்கு நடுவிலயே படுக்க வைக்கிறது?"

"ஆறு வாரத்துல அவங்க வந்துட்டா, இவங்க மூணு பேரும் வேற இடத்துக்குப் போவாங்கல்ல?"

"அவங்கள் எங்க போறது? அவங்களுக்கும் கடிதம் இல்லையே."

மகளைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயதாம். இப்போது அவனிடம் போனில் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாளாம். "இஞ்ச வாறதுக்குப் பழகிறாளாம்" என்று சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. யோகன் வேலைக்குப் போய்விட்டான். குண்டுக் கிடங்கைப் பார்க்கும் முன் அந்தக் குண்டுகள் எந்தக் கப்பலுக்குப் போயின என்று பார்க்கத் தோன்றியது. ரயில் பிடித்து ஊலமூலூ என்ற கடற்படைத் துறைமுகத்துக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடை. 'பை' என்கிற இறைச்சி அடைத்த மாவுப் பண்டத்தின் மேல் உருளைக்கிழங்கு மசியலை வைத்து, அதன் மேல் பச்சைப் பட்டாணிக் கூழை வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றித் தந்தார்கள். எங்கள் துறைமுக வாசலில் பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுகிற அதே கைவேகம். பாதி தின்பதற்குள் ஒரு கடற்பறவை வந்து மீதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குச் சூடு பழக்கமாகியிருக்க வேண்டும்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஒரு பெண்மணி என் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். எதிரே இருந்தது 'தோட்டத் தீவு', ஆனால் அது இப்போது தீவில்லை. போர் நடந்தபோது, பெரிய கப்பல்களை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்துப் பழுது பார்க்கும் உலர்துறையை இங்கே கட்டினார்களாம். அதற்காகத் தீவுக்கும் கரைக்கும் நடுவே இருந்த கடலையே தூர்த்துவிட்டார்களாம். ஜப்பான்காரனின் குட்டி நீர்மூழ்கிகள் நுழைந்ததும் இந்தத் துறைமுகத்துக்குள்தான். முகத்துவாரத்தின் குறுக்கே இரும்பு வலை கட்டியிருந்தும் வந்துவிட்டார்கள்.

"குண்டுகளையும் இங்கேயே வைத்திருந்தார்களா?" என்று என் கப்பல் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இங்கேயா? இந்தத் தெருவில் ஆட்கள் குடியிருக்கிறார்களே. குண்டு இருந்தது ஆற்றின் மேல்பக்கம், தொலைவில். படகில் வரும்."

கடற்படைத் தளம் என்றால் கப்பல் நிற்கும் இடம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நின்றுகொண்டு யோசித்தால், நிற்கும் கப்பல் எதையாவது தின்றுகொண்டே இருக்கிறது. அந்தப் பெண்மணி சொன்ன கணக்கில், எண்ணெய் ஒரு குடாவிலிருந்து, நீர்மூழ்கிக் குண்டு இன்னொரு குடாவிலிருந்து, ரொட்டி ஊருக்குள்ளிருந்து, வெடிமருந்து ஆற்றிலிருந்து. இந்த நகரம் முழுவதுமே அந்தச் சாம்பல் கப்பல்களுக்குச் சமையல்கட்டாக இருந்திருக்கிறது. போரின் கடைசியில் பிரிட்டிஷ்காரனின் கப்பல்கள் திருகோணமலையிலிருந்து கிளம்பி இங்கேதான் வந்தன என்று யோகன் சொல்லியிருந்தான். "எங்கட ஊர்க் கப்பல்தான் அண்ணை, எனக்கு முன்னமே வந்திட்டுது."

சனிக்கிழமை அவனோடு கிடங்குக்குப் போனேன். வாசலில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே போகிறவர்கள் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட வேண்டும். மேஜைக்குப் பின்னால் இருந்தவள் ஜேனட். அந்த இடத்துக்குப் பொறுப்பாளர், யோகனுக்கு மேலதிகாரி. அறுபது வயதிருக்கும், கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. நான் சிகரெட்டை விட்டுப் பல வருடமாகிறது. வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

"வெடிமருந்தெல்லாம் எப்போதோ போய்விட்டதே, இன்னும் எதற்குப் பெட்டி?" என்று கேட்டேன்.

"மருந்து போய்விட்டது, விதி போகவில்லை" என்றாள். "இப்போது காய்ந்த புல் இருக்கிறது. பழைய மரம் இருக்கிறது. அவற்றுக்கும் குண்டுக்கும் தீக்குச்சி ஒன்றுதான்."

கிடங்கு என்றால் ஒரே கட்டடம் இல்லை. தனித்தனியாகத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கூரை உயரத்துக்கு மண்மேடு. ஒன்று வெடித்தால் அடுத்தது பிழைக்கட்டும் என்று. நடுவே புல்வெளி, சதுப்பு, எங்கேயோ தவளைச் சத்தம். கதவுப் பூட்டும் கீலும் பித்தளை. இரும்பு உரசினால் பொறி வரும். ஜேனட் ஒரு கதவைத் திறந்தாள். வாசலுக்கு உள்ளே, முழங்கால் உயரத்தில் குறுக்கே ஒரு பலகை. நான் யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பலகையைத் தாண்டினேன்.

ஜேனட் கைதட்டாத குறை. அந்தக் காலத்தில் வேலையாட்கள் அந்தப் பலகையில் உட்கார்ந்து, ஆணி அடித்த செருப்பை வெளியே விட்டு, ஆணியில்லாத செருப்பை மாட்டிக்கொண்டுதான் காலை உள்ளே வைப்பார்களாம். "இத்தனை வருடத்தில் சொல்லாமலே கழற்றிய ஆள் நீ ஒருவன்தான்" என்றாள். சட்டைப் பையில் ஒரு தீக்குச்சி கண்டாலே அந்த நாளில் வேலை போய்விடும் என்றும் சொன்னாள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும்கூட இங்கேதான் குண்டு அடுக்கியிருக்கிறார்கள். எல்லாரும் பலகையைத் தாண்டித்தான்.

செருப்புக்காகவே அவளுக்கு என்னைப் பிடித்துப்போனது. ரயில் கொட்டகைக்குள் என்னை விட்டாள். இரண்டடி அகலத் தண்டவாளம். அதில் மின்கலத்தில் ஓடும் மஞ்சள் வண்டி. புகையில்லை, பொறியில்லை. யோகன் மெதுவாக ஓட்ட, நான் கூடவே நடந்து காதைக் கொடுத்தேன். பின்சக்கரத்தில் பால் கறப்பது மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"வலது பின்பக்கம் பேரிங்குல கிரீஸ் போகலடே."

"ரெண்டு தரம் அடிச்சனான் அண்ணை."

"அடிச்ச, உள்ள போகல."

கழற்றிப் பார்த்தோம். குழாயில் பழைய கிரீஸ் கல்லாகி அடைத்திருந்தது. ஜேனட் தன் திருப்புளியைக் கொடுத்தாள். மாலைக்குள் சத்தம் நின்றுவிட்டது. அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

"பூஜை எப்பப் போடுற?" என்று கேட்டேன்.

"என்ன பூசை?"

"என்னடே, ஒரு வருசம் செத்துக் கெடந்த வண்டி. ஆள ஏத்துறதுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் வைக்காம, சூடம் காட்டாம எடுப்பியா? பொண்டாட்டி பிள்ள வரப்போற நேரம்."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் மாறியது. "இஞ்ச நெருப்புக் கொண்டு போகேலாது அண்ணை" என்று மட்டும் சொன்னான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிளாக்டவுனில் ஒரு ஈழத்து மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனான். கல்லாவில் யோகன் 'அன்ரி' என்று கூப்பிட்ட ஒரு அம்மாள்.

"சூடம் இருக்கா?"

"கற்பூரமோ? ஓம், அந்தத் தட்டில கிடக்கு. என்ன விசேசம்?"

"புது வண்டிக்கு."

"காரோ?"

"ரயிலு."

அன்ரி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். "ரயிலோ! அப்ப தேங்காய் ரெண்டா எடுங்கோ."

தேங்காய் உடைத்தால் சத்தம் கேட்கும் என்று யோகன் அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை. வாசலில் ஜேனட் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மரப்பெட்டியைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினாள். நான் முந்தின நாள் போலவே இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். தீப்பெட்டி என் சாப்பாட்டுப் பைக்குள், புட்டுக்கு அடியில் இருந்தது. வெறுங்கை பொய் சொல்லாது என்று அவள் நினைத்தாள்.

கொட்டகைக்குப் பின்பக்கம் வண்டியை நிறுத்தினோம். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். வண்டியின் மஞ்சள் நெற்றியில் விபூதி, குங்குமம். யோகன் நெற்றியிலும் பூசிவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் வெற்றிலை வைத்து, அதன் மேல் சூடத்தைக் கொளுத்தினேன். யோகன் கண்ணை மூடினான். உதடு அசைந்தது. இரண்டு பெயர்களைச் சொல்லியிருப்பான்.

ஆற்றிலிருந்து காற்று அடித்தது. வெற்றிலை புரண்டது. எரிகிற கட்டி உருண்டு போய்ப் புல்லில் விழுந்தது. அந்தப் புல் சருகாகக் காத்துக்கொண்டிருந்தது போல, பட்டென்று பிடித்தது. ஒரு தாம்பாளம் அளவு, பிறகு ஒரு பாய் அளவு. நான் வெறுங்காலோடு மிதித்தேன். யோகன் தண்ணீர்ப் போத்தலைக் கொட்டினான், பிறகு தன் சட்டையைக் கழற்றி அடித்தான். அணைந்துவிட்டது. கால் கொஞ்சம் வெந்திருந்தது. கப்பலில் இதைவிடப் பெரிதாக வெந்திருக்கிறேன்.

நிமிர்ந்தால் ஜேனட் நிற்கிறாள். சூட வாசனை வாசல்வரை போயிருக்கிறது.

கறுத்த புல்லைப் பார்த்தாள். சக்கரத்துக்கு அடியில் பழங்களைப் பார்த்தாள்.

"நெருப்பைக் கொண்டுவந்தது யார்?"

"என்ர பிழை" என்று யோகன் தமிழிலேயே சொல்லிவிட்டான். அவனுக்கு ஆங்கிலம் மறந்துபோயிருந்தது. நான் குறுக்கே விழுந்தேன். தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "நான். தீப்பெட்டி என்னுடையது. கையைக் காட்டி ஏமாற்றினேன். இவனுக்கு இதில் பங்கில்லை."

அவள் கொட்டகைக்குள் போய் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்தாள். இங்கே நடக்கும் சின்னச் சின்ன விபத்துகளையெல்லாம் எழுதும் நோட்டு. தீ கொண்டுவந்தவன் வெளியே போய்விட வேண்டும், திரும்ப வரக்கூடாது என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு, தெரிந்தும் சொல்லாத வேலையாளுக்கும் அதே விதி என்றாள். "யோகனுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியாது. நான் கொளுத்தும்போது அவன் இங்கே இல்லை. தீயைப் பார்த்து ஓடிவந்தான்."

முப்பது வருடக் கப்பல் வாழ்க்கையில் சுங்க அதிகாரிகளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் எனக்காகச் சொன்னது. யோகன் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன், வெந்த காலால்.

ஜேனட் அவன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் ஈரம் காயாத குங்குமப் பொட்டு. வண்டியின் நெற்றியிலும் அதே பட்டை, அதே பொட்டு, அதே விரல்.

வாசல் பக்கம் குழந்தைகளின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"உன் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது" என்றாள் அவனிடம். "ஆட்கள் வருவதற்குள் கழுவிவிடு. வண்டியின் முகத்தையும்."

நோட்டில் என் பெயரை மட்டும் எழுதினாள். என் பெயரின் நீளம் அவள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. அடுத்த கட்டத்திலும் எழுதினாள். கையெழுத்துப் போட்டேன். வாசல்வரை அவளே கூட்டி வந்தாள். நான் நொண்டுவதைப் பார்த்து நடையைக் குறைத்தாள். போகிற வழியில் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு களிம்பை எடுத்து என் பையில் போட்டாள்.

"அவன் வேலை?" என்று கேட்டேன்.

"முதல் ஓட்டத்தில் நான் பக்கத்தில் நிற்பேன். அவனை நம்பி விடலாம் என்று எனக்குத் தோன்றினால் இறங்கிக்கொள்வேன். அதற்கு மேல் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை." கை குலுக்கவில்லை. செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

வேலிக்கு வெளியே ஆற்றோரமாக நடைபாதை இருக்கிறது. சைக்கிள்காரர்களும் நாய்களும் போகிற பொதுவழி. அங்கே நிற்க யாரும் தடை போட முடியாது. களிம்பைத் தடவிக்கொண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணி அடித்தது. மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு மஞ்சள் வண்டி வந்தது. பின்னால் மூன்று பெட்டி நிறையக் குழந்தைகள், தொப்பி போட்ட பெற்றோர்கள். யோகன் முகம் கழுவி, வேறு சட்டை போட்டிருந்தான். இரண்டு கையும் விசைப்பிடியில். பக்கத்தில் ஜேனட், கையைக் கட்டிக்கொண்டு, அவன் கையையே பார்த்தபடி. என்னைக் கடந்து போனார்கள். இருவருமே இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் சக்கரத்துக்குக் காதைக் கொடுத்தேன். சத்தம் சுத்தமாக இருந்தது.

அடுத்த சுற்றுக்கு நெடுநேரம் ஆனது. ஏதோ நடந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு நாய் வந்து என் புட்டுப் பையை முகர்ந்துவிட்டுப் போனது. பிறகு மறுபடி மணி.

மஞ்சள் வண்டி மேட்டைத் திரும்பி வந்தது. பெட்டிகளில் வேறு முகங்கள். முன்னால் யோகன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.